மூன்றாம் இரவு பிதற்றல் நடிப்பு இல்லை, சிஸ்டர்

சிறை மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள்; தினமும் குடித்தவர் உள்ளே வந்த மூன்றாம் இரவு "சுவத்துல பூச்சி ஊருது" என்று கத்துகிறார், காவலர்கள் நடிப்பு என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நடிப்பே இல்லை. குடி நின்ற 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் இந்தப் பிதற்றல் வரலாம். உயிரே போகலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக் கேளுங்கள்.

அதுவரை சர்க்கரை, காய்ச்சல், பிபி, நாடி பாருங்கள். தலையில் அடிபட்டதா என்று முடியை விலக்கித் தடவிப் பாருங்கள். இது அடிக்கடி தவறிப்போகிறது. குளுக்கோஸ் ஏற்றுவதானால் முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போகட்டும். வெறும் குளுக்கோஸ் மிச்சமிருக்கும் தயமினையும் தீர்த்து மூளையைக் கெடுத்துவிடலாம். அமைதிப்படுத்தும் மருந்தில் டயசிபாமா, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாமா என்பதை டாக்டர் சொல்வார். கொடுத்தபின் மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள். குப்புறப் போட்டுக் கட்ட விடாதீர்கள். விளக்கு எரியட்டும்.

இனி முதல் நாளே பிடித்துவிடலாம். "குடிப்பீங்களா?" என்றால் இல்லை என்பார். காவலரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "கடைசியா எப்போ, எத்தனை குவார்ட்டர்?" என்று கேளுங்கள். கையை நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்கள், நடுக்கம் தெரியும்.