சாமுராய் படத்தில் டான்ஸ் எதற்கு?

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் டகேஷி கிட்டானோவின் ‘ஸடோய்ச்சி’ பார்த்தேன். வாள் சண்டை பிரமாதம். ஆனால் நடுநடுவே காமெடி, கடைசியில் ஊரே கூடி, காலால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் டான்ஸ்! இதற்குப் போய் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு. ஜப்பான் படம் என்றாலே வெளிநாட்டு விமர்சகர்கள் தலையாட்டி விடுவார்களா?

பதில்: வெனிஸை விடுங்கள். 2003இல் அங்கே சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் கிடைத்த அதே மாதம், டொரன்டோ விழாவில் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருதும் இந்தப் படத்துக்குத்தான் போனது. ஜப்பானிலும், அதுவரை கிட்டானோ எடுத்த படங்களில் நன்றாக ஓடியது இதுதான். அவர்கள் எல்லோருமா தலையாட்டினார்கள்?

அப்புறம், படத்தின் நாயகன் இச்சி சாமுராயே கிடையாது. உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கிற, சூதாடுகிற, கண் தெரியாத நாடோடி. 1962இலிருந்து 1989 வரை 26 படங்களில் ஷின்டாரோ காட்சு நடித்து, ஜப்பான்காரர்கள் மனதில் பதிந்துபோன ஆள். அந்த வேடத்தைத் தலைமுடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டு, கைத்தடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு கிட்டானோவே போடுவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும்.

சரி, டான்ஸுக்கு வருவோம். அது கடைசியில் ஒட்டவைத்தது என்கிறீர்கள். இல்லை, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடுகிறது. இச்சி வயலோரமாக நடந்து போகிறான், அங்கே சிலர் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள், மண்வெட்டி விழுகிற ஓசை மெல்ல மெல்லப் பின்னணி இசையோடு சேர்ந்து தாளமாகிவிடுகிறது. பிறகு மழையில் சேற்றை மிதிக்கும்போதும் அதே தாளம், வீடு கட்டுபவர்களின் சுத்தியலிலும் அதே தாளம். ஏன் இப்படி? கதாநாயகனுக்குக் கண் இல்லை, உலகம் அவனுக்குக் காது வழியாகத்தான் வருகிறது. சூதாட்ட விடுதியில் தாயக்கட்டையின் சத்தம் மாறியதைக் கேட்டுத்தானே அவன் மோசடியைப் பிடிக்கிறான்? இவ்வளவு நேரம் அவனோடு சேர்ந்து நாமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் ஒன்றுகூடி எழுந்து ஆடுவதுதான் அந்தக் கடைசி ஆட்டம். அதில், கதையில் பழிவாங்க அலைகிற அக்காள் தம்பியின் முகம், பெற்றோரைப் பறிகொடுத்த நாளின் குழந்தை முகமாக மாறித் திரும்புகிற ஒரு நொடி இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, டாப் டான்ஸ் கிட்டானோ ஹாலிவுட்டைப் பார்த்துக் கடன் வாங்கியதில்லை. டோக்கியோவின் அசாகுசாவில், காமெடியும் ஆட்டமும் கலந்து நடக்கும் சின்ன அரங்கில் லிஃப்ட் இயக்கும் பையனாக இருந்து, அங்கேதான் டாப் ஆடவும் சிரிக்கவைக்கவும் கற்றுக்கொண்டார். காமெடி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் ஆட்டமும் வந்தது. நீங்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பவை அவருக்கு ஒரே மேடைச் சரக்கு.

குறை இல்லையா? இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்த ரத்தம் சில விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. அசானோ தடானோபு நடித்த ரோனின் (எஜமானன் இல்லாத சாமுராய்), நோயாளி மனைவியின் மருந்துக்காகக் கூலிக்குக் கொலை செய்கிறவன். அவ்வளவு கனமான பாத்திரத்தின் பக்கத்தில் அந்த ரத்தம் இலேசாகிவிடுகிறது. அதைச் சொல்லித் திட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். டான்ஸைத் திட்டினால் மாட்டேன். இன்னொரு முறை பாருங்கள், அந்த வயல் காட்சியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து.