பி.சி.ஜி. தழும்பு இல்லாவிட்டால் மறுபடியும் ஊசி போட வேண்டுமா?

கேள்வி இதுதான்: பிறந்தவுடன் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்ட குழந்தைக்கு ஆறு மாதமாகியும் கையில் தழும்பு வரவில்லை. மீண்டும் போடலாமா?

வேண்டாம். ஊசி போட்டது தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருந்தால் அதுவே போதும். தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இது இடது மேற்கையில் தோலுக்குள்ளேயே, தசைவரை இறங்காமல் போடும் ஊசி. பச்சிளம் குழந்தைக்கு வெறும் 0.05 மி.லி. போட்டதும் சிறு கொப்புளம் போல எழும்பி அடங்கிவிடும். சில வாரம் கழித்து அதே இடத்தில் சிவந்த முடிச்சு, பிறகு புண், பொருக்கு, கடைசியில் சற்றே குழிந்த வட்டத் தழும்பு. அந்தப் புண்ணைக் கண்டு பதறி மஞ்சள் பூசக் கிளம்பும் பாட்டிகள் பல வீடுகளில் உண்டு. எதையும் பூசாமல் விட்டால் தானே ஆறும். அக்குளில் நெறி பெரிதாக வீங்கினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சில குழந்தைகளுக்கு, சரியாகப் போட்டாலும், தழும்பு விழுவதில்லை. பாதுகாப்பு இல்லை என்று அதற்குப் பொருளல்ல. தழும்பு இருப்பவருக்குக் காசநோய் வரவே வராது என்பதும் தவறு: குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத்தான் இது நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை என்று காட்டியது நம் செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வு.