பற்று நோட்டும் நீடிய பொறுமையும்

"கிறிஸ்தவ விசுவாசம் அன்றாட வாழ்க்கையில் உங்களைப் பொறுமையுள்ளவராக மாற்றியிருக்கிறதா? எவ்வாறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு மாற்றியிருக்கிறது. அந்த ஓரளவும் ஜெபத்தில் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. என் கடையின் பற்று நோட்டு வழியாகத்தான் வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் இறங்குவது முதல் இரவு ஷட்டரை இழுத்துவிடும் வரை எரிச்சலுக்குக் குறைவிருக்காது. கூட்டம் நெருக்கும் வேளையில் ஐந்து ரூபாய்க்குச் சீரகம் கேட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவர்கள் உண்டு. பொட்டலம் கட்டி முடித்த பிறகு பருப்பில் கால் கிலோவைக் குறைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. இவையெல்லாம் வந்து போகிறவை. என் உண்மையான குணத்தை வெளியே இழுத்தது கடன் பாக்கிதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, மூன்று மாதமாக 3,400 ரூபாய் பாக்கி வைத்திருந்த கொத்தனார் ஒருவர் அரிசி வாங்க வந்தார். "அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கடை நிறைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "பொறுத்துப் பொறுத்துத்தான் என் கடை இந்த நிலையில் கிடக்கிறது" என்று தெரு முனை வரை கேட்கும்படி கத்தினேன். அவர் ஒன்றும் பேசாமல் அரிசிப் பையை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் என் மகள் வாசித்தது வேதாகமத்தில் மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம். மத்தேயுவை முதலிலிருந்து வரிசையாக வாசித்துவந்ததில் அன்றைக்கு அந்த அதிகாரம் வந்தது. அதை அற்புதம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் இயேசு சொல்லும் ஓர் உவமை. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் மன்னிக்கப்படுகிறான். வெளியே போனதும் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். பலமுறை பிரசங்கத்தில் கேட்ட உவமைதான். ஆனால் கடைக்காரனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாதே! வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்று ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஓய்வில்லாமல் உழைத்தாலும் அடைக்க ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டாவது கடனைப் பிரசங்கிகள் அற்பத் தொகை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி என்பது எந்தக் கடைக்காரனும் எளிதில் விட்டுவிடக்கூடிய பாக்கியன்று. அவனுக்கு நேர்ந்த நஷ்டம் மெய்யானது என்பதை மறைக்காமல்தான் இயேசு இந்த உவமையைச் சொல்கிறார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அந்த அதிகாரத்தில் இரண்டு கடனாளிகளும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும்." அதற்கு முந்தைய இரண்டு வாரத்திற்குள்தான், 86,000 ரூபாய் சரக்குப் பாக்கிக்காக என் மொத்த வியாபாரியிடம் நானும் தொலைபேசியில் கெஞ்சியிருந்தேன்: "பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்." அவர் "சரி" என்ற ஒரே சொல்லோடு விட்டுவிட்டார். அந்தச் "சரி" எனக்கு அன்றிரவுதான் காதில் விழுந்தது.

உவமையில் "பொறுமையாயிரும்" என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல்லோடு பிறந்ததுதான், வேதாகமத்தில் கலாத்தியர் 5:22-இல் பரிசுத்த ஆவி மனிதரில் விளைவிக்கும் கனியாகச் சொல்லப்படும் "நீடிய பொறுமை" என்பதன் மூலச் சொல்லான மக்ரோதுமியா. கோபம் வந்து சேர நெடுநேரமாகும் மனம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பெரும் துன்பங்களைத் தாங்கிய யோபின் பொறுமையைப் பற்றி யாக்கோபு தம் நிருபத்தில் எழுதும்போது வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார். ஹுப்போமொனே என்ற அது, பாரத்தின் கீழ் நகராமல் நிற்பது. வியாபாரம் படுத்த காலங்களில் எனக்கு இரண்டாவது ஓரளவு இருந்தது. அதை வைத்தே என்னைப் பொறுமைசாலி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மனிதர்களிடம் காட்டவேண்டிய முதலாவது என்னிடம் இல்லவே இல்லை.

அதன் பிறகு "ஆண்டவரே, பொறுமை தாரும்" என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஷட்டரைத் தூக்குவதற்கு முன், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சொல்கிறேன். எங்கள் சபையில் "குற்றங்களை மன்னியும்" என்று சொல்வது வழக்கம்; கடையில் மட்டும் மத்தேயு 6:12-இல் உள்ளபடியே, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறேன். பற்று நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எளிதன்று. சில நாள் வாய் மட்டும் சொல்லும்.

இதற்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். திருப்பித் தரும் எண்ணமே இல்லாத இருவருக்குப் பற்றை நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அதைத் தனியாக அழைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னேன். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுமையாயிரு அம்மா, ஜெபி" என்று அறிவுரை சொல்லி அனுப்புவதும் இந்தப் பொறுமையோடு சேர்ந்ததன்று. அந்த உவமையிலேயே, நெரிக்கப்பட்டவனைப் பார்த்த உடன்வேலைக்காரர்கள் சும்மா இராமல் ராஜாவிடம் போய் அறிவிக்கிறார்கள்.

கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்கப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் அவர் அடுத்த தெருக் கடைக்கு மாறியிருந்தார். அவர் வீட்டு வாசலில் நின்று, "அன்றைக்கு நான் பேசியது தப்பு" என்றேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய் ஐந்நூறு ரூபாயை எடுத்துவந்து நீட்டினார். அதற்காக வரவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. மீண்டும் என் கடைக்கு வர அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. இப்போது அவர் பக்கத்தில் 1,100 ரூபாய் நிற்கிறது. போன சனிக்கிழமை அவர் மகள் தேங்காய் எண்ணெய் வாங்க வந்து, "அப்பா எழுதிக்கொள்ளச் சொன்னார்" என்றாள். எரிச்சல் வரத்தான் செய்தது; முன்னைவிடச் சற்றுத் தாமதமாக வந்தது. அதற்குள் தேதியைப் போட்டு எழுதிவிட்டேன்.