மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை. வீட்டில் மின்சாரமும் நிலையாக இல்லை. புது மோட்டார் வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். இன்றைக்காவது வாங்காதீர்கள்.

காலையில் தொட்டி காலியாகக் கிடந்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் முனகல் மட்டும் கேட்டிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் "காயில் போய்விட்டது" (மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று கருகிவிட்டது) என்று தீர்ப்பும் சொல்லியிருப்பார். அந்தத் தீர்ப்பை நம்பி ஒரே மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டியவள் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் கிணறு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மீட்டர் பலகையிலிருந்து கம்பி போகும் வழியை அளந்தால் 60 மீட்டர். ஒரு குதிரைத்திறன் மோட்டார். முதல்முறை முனகியபோது வந்த மெக்கானிக் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். வார்னிஷ் கருகிய வாடை. காயில் கட்டிக் கொடுத்தார், ஐந்து மாதம் ஓடியது. பிறகு மறுபடியும் அதே முனகல், அதே வாடை, மறுபடியும் காயில். ஏன் கருகுகிறது என்று கேட்டால் "கரண்ட் சரியில்லை" என்பதோடு முடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் மாலையானால் விளக்கு மங்கும், அது உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்கும் அதே கரண்ட்தானே வருகிறது? அவர்கள் மோட்டார் ஏன் எரியவில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவள் நான். மெக்கானிக் பதில் சொன்னது என் கணவரிடம். என் கணவர் நல்ல மனிதர், ஆனால் பியூஸ் எது, பல்பு ஹோல்டர் எது என்று அவருக்குத் தெரியாது. அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். வங்கியிலும் இதே கதைதான்: படிவத்தை நிரப்புவது நான், அவர்கள் விளக்கம் சொல்வது என் கணவரிடம். சரி, அது இங்கே வேண்டாம்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். மோட்டார் ஓடாதபோது கிணற்றடியில் 226 வோல்ட், எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக்கும் இப்படித்தான் அளந்துவிட்டுப் போயிருப்பார். மோட்டாரைப் போட்டு அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கிளம்பும் நொடியில் எண் 120-ஐத் தொட்டது, ஓடத் தொடங்கிய பிறகு 194-இல் நின்றது. அதே நேரத்தில் மீட்டர் பலகையில் 221. நடுவில் 27 வோல்ட் எங்கே போனது? 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 60 மீட்டர் போய்த் திரும்பினால், எங்கள் மோட்டார் இழுக்கும் 7 ஆம்பியருக்கு 4 வோல்ட் அளவுதான் குறையும்.

கம்பி போகும் சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில், சுண்ணாம்புக்கு அடியில், யாரோ பூசி மறைத்துவிட்ட ஒரு ஜங்ஷன் பெட்டி. மெயினை அணைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு மாறியிருந்தது. திருகாணி நகத்தால் திருப்பினாலே சுற்றியது. செம்பு நுனி கரியாக இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. மீதி 23 வோல்ட்டும் அங்கேதான் போயிருக்கிறது, ஏறக்குறைய 160 வாட் அந்த ஒரு மூட்டில் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். கருகிய பகுதியை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு இறுக்கினோம். மூன்று வருடமாக அதே மோட்டார் ஓடுகிறது.

வீட்டுக் கிணற்றில் போடும் இந்த வகை மோட்டாரில் வோல்டேஜ் பாதியானால் சுழற்றும் விசை பாதியாகாது, கால்பங்காகிவிடும். 230-க்குப் பதில் 180 வந்தாலே ஏறக்குறைய 61 சதவீத விசைதான் மிஞ்சும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். காயில் கருகுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே முனகினால் உடனே அணையுங்கள், "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" வேண்டாம்.

எல்லா வீட்டிலும் மூட்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் முதலில் கெப்பாசிட்டரை, அதாவது மோட்டார் கிளம்ப உதவும் அந்த டப்பாவை, பார்க்கச் சொல்வேன். வயிறு உப்பியிருந்தாலோ, 36 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது அளக்கும்போது 24 காட்டினாலோ குற்றவாளி அதுதான். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் சேமிப்பு இருக்கலாம், வெறும் கையால் தொடாதீர்கள். அதுவும் சரியென்றால், மெயின் அணைந்திருக்கும்போதே தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சில நாள் ஓடாமல் கிடந்தால், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சுற்றியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் அது வேறு வியாதி: கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகிக் குழாயில் காற்று புகுந்திருக்கும். அப்படியே ஓட விட்டால், தண்ணீர் கசியாமல் காக்கும் சீல் தேய்ந்துபோகும்.

மின்சாரம் போனவுடன் மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் சில நிமிடம் ஆட்டம் போடும், அதில் மோட்டார் தானாகக் கிளம்பக்கூடாது. வீட்டில் சில விளக்குகள் மங்கி வேறு சில வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) தளர்ந்திருக்கக்கூடும். அப்போது எதையும் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

"எலக்ட்ரீசியனைக் கூப்பிடாமல் இதெல்லாம் எதற்கு" என்று கேட்க வருகிறவர்களுக்கு: கூப்பிடத்தான் சொல்கிறேன். ஓடும் மோட்டாரில் வோல்டேஜ் அளப்பது பழக்கமில்லாதவர் செய்யும் வேலை அல்ல. அவர் அளக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று, மோட்டார் ஓடும்போது பலகையில் எவ்வளவு, மோட்டாரடியில் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் பெட்டி எங்கே என்று எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் கேட்கவில்லை, உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.