அடிகளின் எண்ணிக்கையும் அச்சமும்

அன்புள்ள ஐயா,

இல்லற வன்முறை பற்றிய உங்கள் கட்டுரையில் ஆண்களைக் குறித்து ஒரு வரிகூட இல்லை. என் நண்பரை அவருடைய மனைவி அடிக்கிறார். வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். பெண்களும் ஆண்களுக்குச் சமமாகவே கைநீட்டுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்லும்போது, சட்டம் மட்டும் ஏன் ஒருபக்கமாக நிற்கிறது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொடுமை செய்திருக்கிறார்கள். பெண் என்றால் பொறுத்துப் போகவேண்டும் என்று சொல்லும் அதே வாய்தான், ஆண் அடிவாங்கினால் சிரிக்கிறது. நான் அதை எழுதாமல் விட்டது குறைதான்.

நீங்கள் குறிப்பிடும் ஆய்வுகளில் பல, அமெரிக்கச் சமூகவியலாளர் மரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட அளவுகோலைப் பின்பற்றியவை. தள்ளினாரா, அறைந்தாரா, எத்தனை முறை என்று அது கேட்கும். அந்த அடி தற்காப்புக்காக விழுந்ததா, அதற்குப்பின் அந்த வீட்டில் யார் பயந்து வாழ்ந்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 1995இல் மைக்கேல் ஜான்சன் என்ற ஆய்வாளர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். வாய்த்தகராறு முற்றி இருவரில் எவரும் கைநீட்டுவது ஒன்று. பணத்தையும் உறவுகளையும் வெளியே போய்வருவதையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு, துணையை அடக்கி ஆள்வதற்கு அடியைப் பயன்படுத்துவது மற்றொன்று. பொதுமக்களிடம் எடுக்கும் கணக்கெடுப்புகளில் முதல்வகையே மிகுதியாகத் தென்படும், அதில் ஆண் பெண் வேறுபாடு குறைவு. காப்பகங்களைத் தேடி வருவோரிடம் காணப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் அடக்குபவர் அநேகமாக ஆணே.

கொலைகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஐ.நா.வின் மதிப்பீட்டின்படி, 2023இல் உலகில் கொலையுண்ட பெண்களிலும் சிறுமிகளிலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரைக் கொன்றவர்கள் அவர்களுடைய துணைவரோ குடும்பத்தாரோதான். ஆண்களில் இது சுமார் 12 விழுக்காடு.

கணவனைப் பிரிந்து தாய்வீடு திரும்பியவளை 'வாழாவெட்டி' என்கிறோம். மனைவியைப் பிரிந்த ஆணுக்கு அப்படியொரு வசைச்சொல் தமிழில் இல்லை. 'வெளியே போ' என்ற சொல்லுக்கு அஞ்சியே பல பெண்கள் அடியைப் பொறுக்கிறார்கள். இந்தியாவில் பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்க வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. சட்டம் ஒருபக்கமாக நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் துணையை அடக்கி ஆள்வதைக் குற்றமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் பார்ப்பதில்லை. தன் காதலனை அவ்வாறு வதைத்த ஒரு பெண்ணுக்கு 2018இல் லூட்டன் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. இங்கேயும், அடிபட்ட ஆண் காயப்படுத்தியதற்காகப் புகார் கொடுக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் கொடுமையைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் உரிமை கணவனுக்கும் உண்டு. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்குப் பயமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், இன்றிரவு அவரை உங்கள் வீட்டில் தங்கச் சொல்லுங்கள்.