மருத்துவத் துறையில் இருந்துகொண்டு பதின்வயதினருக்கு மாயாஜால நாவல் எழுதினால் மரியாதை போய்விடுமா?

கேட்டவர் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், என்று எழுதியிருக்கிறார். நாவல் பாதி முடிந்துவிட்டதாம். சீனியர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், நோயாளிகள் மதிப்பார்களா, எழுத நேரம் எங்கே கிடைக்கும் என்று மூன்று கவலைகள்.

நான் டாக்டர் இல்லை, ஸ்டாஃப் நர்ஸ். பதினாறு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் ஐசியுவில்தான். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதி, அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போனில் தட்டித் தட்டியே முதல் பிரதியை இருபது மாதத்தில் முடித்தேன். நைட் டூட்டி முடிந்து வரும்போது எழுதியதில் முக்கால்வாசியைப் பிறகு நீக்கிவிட்டேன். உங்கள் ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் இதுகூட முடியாமல் போகலாம், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

இனி மரியாதை விஷயம். அதற்கு அந்த நாவல் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் விடியற்காலையில் ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். (வயது, ஊர், மாதம் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவன் அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் நாவலிலேயே கை வைத்தேன்.) தரையில் பாய் போட்டுப் படுத்தவன். வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருக்கிறான். கடிவாய் எங்கும் இல்லை. ஆனால் கண் இமைகள் இரண்டும் சரிந்துகொண்டே வந்தன. "கண்ணைத் திறடா" என்றால் நெற்றியைச் சுருக்கினான், இமை மேலே வரவில்லை. கட்டுவிரியன். ராத்திரியில் வரும், கடித்தால் பெரிதாக வலிக்காது, பல பேருக்குக் கடித்ததே தெரியாது. சிறிது நேரத்தில் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிட்டன. வெண்டிலேட்டரில் போட்டோம்.

விஷமுறிவு மருந்து எங்களிடம் பொடியாகக் குப்பியில் வரும். தண்ணீர் விட்டுக் கலக்கும்போது குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். பத்துக் குப்பி. அவசரத்தில் கை பறக்கும், ஆனாலும் நிதானமாகத்தான் உருட்ட வேண்டும். அன்று ஒவ்வொரு குப்பியாக உருட்டிக்கொண்டிருந்தது இன்னும் கையில் இருக்கிறது.

கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே அழித்துவிடும். அழிந்ததை மருந்து திருப்பித் தராது, அவை திரும்ப வளரும்வரை நாள்கணக்கில் வெண்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். மூன்றாம் நாள் அவனிடம் ஓர் அசைவும் இல்லை. டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்கவில்லை. பார்க்கிறவர்கள் மூளைச்சாவு என்றுதான் நினைப்பார்கள். உறவினர் ஒருவர் கட்டில் பக்கத்திலேயே நின்று, "இனி என்ன இருக்கு, வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்" என்றார். அவரை வெளியே கூட்டிப் போய், உள்ளே நினைவு இருக்கலாம், காது கேட்கலாம் என்று சொன்னேன். நம்பவில்லை.

அதனால் நான் அவனிடம் பேசிக்கொண்டே இருந்தேன். "தம்பி, இப்ப ராத்திரி ரெண்டு மணி, உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம்." "சளி உறிஞ்சப் போறேன், இருமல் வர்ற மாதிரி இருக்கும்." சொல்ல வேறொன்றும் இல்லாதபோது அந்த மருந்தின் கதையைச் சொன்னேன். குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் இந்த மருந்தைச் செய்கிறார்கள். விஷம் எடுக்கிறவர்கள் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர்கள். 1978இல் கூட்டுறவுச் சங்கமே வைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். "உன் உடம்புக்குள்ள இப்ப ஒரு குதிரை ஓடிக்கிட்டு இருக்கு" என்றேன். ஒவ்வொரு ராத்திரியும் குதிரையைக் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

ஆறாம் நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. குழாயை எடுத்து, தொண்டைக் கரகரப்பு தெளிந்து, அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அந்தக் குதிரை ஆத்தைத் தாண்டுச்சா?"

அந்த உறவினர் சொன்னதும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அதையும் சொன்னான்.

என் நாவலில் ஒரு பெண், உடம்பு கட்டிப் போட்ட மாதிரி கிடந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாள். ஒரு குதிரை அவளைத் தேடி வருகிறது. இதை எழுதியதால் எனக்கு என்ன மரியாதை போயிற்று? என் வேலையைப் பற்றி இதைவிட உண்மையாக நான் எங்கும் எழுதியதில்லை.

"மருத்துவத் துறையில் இருந்துகொண்டு மந்திரம் தந்திரம் என்று மூடநம்பிக்கையைப் பரப்பலாமா?" என்று நாலு பேர் வருவார்கள், வரட்டும். எழுத ஆரம்பிக்கும் முன்பே எனக்கு நான் ஒரு விதி போட்டுக்கொண்டேன்: மருந்து செய்கிற வேலையை மந்திரம் செய்யக் கூடாது. கதையில் பறக்கலாம், கல்லோடு பேசலாம். பாம்புக் கடியை மந்திரித்துக் குணமாக்கக் கூடாது, கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. படிப்பது பதிமூன்று வயசுப் பிள்ளை, நாளைக்கு அதன் தம்பிக்கு அப்படி நடந்தால் கதையில் படித்ததுதான் கைக்கு வரும். என் நாவலில் மந்திரத்துக்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு. மருந்து கலக்குகிற கிழவி குப்பியை உள்ளங்கையில் உருட்டுவாள், குலுக்க மாட்டாள். நீங்களும் உங்கள் வார்டில் பார்க்கிறதை இப்படி உள்ளே கொண்டு வாருங்கள். நோயாளியை மட்டும் அப்படியே கொண்டு வராதீர்கள்.

முன்னோடி இல்லாத வேலையும் இல்லை இது. நம் எழுத்தாளர் லட்சுமி டாக்டர் திரிபுரசுந்தரிதான், 1984இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரில் நர்ஸாகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தவர். அவர் கதைகளில் விஷங்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பது அங்கே கற்றதால்தான். இவர்கள் மாயாஜாலம் எழுதவில்லையே என்பீர்கள். சரி, எழுதவில்லை. மருந்து தொட்ட கை கதையும் தொடலாம் என்பதற்காகச் சொன்னேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதிப்பாளர் பின்னட்டையில் என்னை "மருத்துவத் துறையில் பணியாற்றுபவர்" என்று போட்டார். "நர்ஸ்" என்று போட்டால் என்ன என்றதற்கு, "இது கொஞ்சம் கௌரவமா இருக்கும்மா" என்றார். வெளியீட்டு விழாவில் என்னை டாக்டர் என்றே அழைத்தார்கள். மைக்கில் திருத்தினேன். ஐசியுவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். நான் நான்கு பேரைப் பார்த்த ராத்திரிகள் உண்டு, தொகுப்பூதியத்தில். அந்தப் பையனோடு நான் பேசியது மற்ற மூன்று கட்டில்களுக்கு நடுவில் கிடைத்த நிமிஷங்களில். அந்த நிமிஷங்கள் நர்ஸ் என்கிற பெயரில் நடந்தவை, அதை ஏன் மறைக்க வேண்டும்? மரியாதை போய்விடுமோ என்று ஒரு டாக்டர் கேட்டதைப் பார்த்ததும் இதெல்லாம் மேலே வந்துவிட்டது. உங்கள் மேல் கோபமில்லை.

உங்கள் சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள். சீனியர் கேட்டால் ஒரு பிரதி கொடுங்கள், வீட்டில் பிள்ளை இருந்தால் படிக்கும். எங்கள் வார்டு டாக்டரின் மகள் படித்துவிட்டு, குதிரைக்கு ஏன் பெயர் வைக்கவில்லை என்று கேட்டு அனுப்பியிருந்தாள். இரண்டாம் பதிப்பில் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டேன். பின்னட்டையிலும் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று போட்டாயிற்று.