தம்பி முதலில் டாக்டரைப் பார்க்கட்டும்

அக்கா, இலங்கையில் சித்திரவதைப்பட்ட தம்பியை லண்டன் ஹீத்ரோ விமான நிலையப் பக்கத்துக் குடிவரவுத் தடுப்பு முகாமில் பத்து நாளாக வைத்திருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படிக்கவே மனம் பதறியது.

உள்ளே இருக்கும் டாக்டரிடம் ‘விதி 35 அறிக்கை’ வேண்டும் என்று தம்பியே வாய்விட்டுக் கேட்கட்டும். சித்திரவதை பற்றி முகாம் டாக்டர் எழுதும் அறிக்கை அது. தழும்புகளைக் காட்டட்டும். வெட்கத்தில் பலர் மறைத்துவிடுகிறார்கள். சித்திரவதைக்கு ஆளானவராக இருக்கலாம் என்று டாக்டருக்குப் பட்டால் அவர் எழுதியே ஆக வேண்டும். அதை வைத்து, தடுப்பைத் தொடரலாமா என்று பிரிட்டன் உள்துறை மறுபடி பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பிணை. பிரிட்டனில் இந்தத் தடுப்புக்குப் பொதுவான கால வரம்பு இல்லை, அதனால் காத்திருக்காதீர்கள். நாட்டுக்கு வந்து 8 நாள் கடந்தவர் குடிவரவு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் பிணை கேட்கலாம். முகாமிலேயே இலவச வக்கீல் ஆலோசனை உண்டு, இன்றே பெயர் பதியட்டும். வெளியே வந்தால் தங்க உங்கள் முகவரியைக் கொடுக்க முடியுமா?